வெளுத்த பவளப்பாறை செத்த பாறை இல்லைங்க

ஏப்ரல் கடைசி, மே மாசம் ஆனா மன்னார் வளைகுடாவுல காத்து விழுந்துடும், தண்ணி கண்ணாடி மாதிரி அசையாம நிக்கும், கரையில இருந்து பாக்கிறவங்களுக்கு அழகு ஆனா பவளப்பாறை சர்வே பண்ற எங்களுக்கு வயித்துல புளியக் கரைக்கிற சீசன் அதுதான். தண்ணி 31 டிகிரி தாண்டி நாள் கணக்கா அப்படியே நின்னா பவள உயிரி தன் உடம்புக்குள்ள வச்சிருக்கிற நுண்பாசிய வெளிய தள்ளிடும். நிறமும் அந்தப் பாசிதான், சாப்பாட்டுல பெரும்பங்கு சமைச்சுக் குடுக்கிறதும் அதுதான். அது போனா உள்ள இருக்கிற சுண்ணாம்புக்கூடு வெள்ளையா தெரியும்.

இங்கதான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. வெள்ளையா இருந்தா செத்துடுச்சுன்னு போட்டோ போட்டுடறாங்க. கிட்டப் போய் முகத்த ஒட்டி வச்சுப் பாத்தீங்கன்னா, கண்ணாடி நூல் மாதிரி சின்னச் சின்ன கைங்க ஆடிட்டு இருக்கும், அது உயிரோட பட்டினி கிடக்குது. செத்தது வேற மாதிரி இருக்கும், கொஞ்ச நாள்லயே மேல பச்சையும் பழுப்புமா ரோமம் மாதிரி பாசி ஏறிடும். சூடு சீக்கிரம் தணிஞ்சா முதல் வகை பொழச்சுக்கும். அதனாலதான் ஒரு தடவை போய்ட்டு வந்து எழுதுற ரிப்போர்ட்டுல எனக்கு நம்பிக்கை இல்ல, அதே இடத்துல அதே 20 மீட்டர் டேப்ப விரிச்சு சில மாசம் கழிச்சு திரும்பப் பாக்கணும்.

2016ல அப்படிப் பாத்ததுல இந்த வளைகுடாவுல உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்துல இருந்து 22.7க்கு வந்துடுச்சு. 1998லயும் 2010லயும் வெளுத்திருக்கு. முதல்ல போறது மான்கொம்பு மாதிரி கிளைகிளையா வளர்ற வகை, குஞ்சு மீன் ஒளியற இடமே அதுதான்.

சரி, பாறை செத்தா மீனவருக்கு எவ்வளவு நஷ்டம்? அந்த வருஷமே ஏலக்கூடத்துல போய் கிலோ கணக்கு எடுத்தா பெருசா ஒண்ணும் தெரியாது. செத்த கூடு சில வருஷம் நிக்கும், மீனும் சுத்திட்டு இருக்கும், பாசி ஏறுறதால பாசி தின்ற ஓரா மாதிரி மீன் கொஞ்ச நாள் ஜாஸ்தியாகூட வரலாம். இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற சீஷெல்ஸ் தீவுகள்ல 1998ல பவளம் 90 சதவீதத்துக்கு மேல அழிஞ்சும் பிடிபாடு குறையல, ஓரா வகைதான் தாங்கிச்சு, ஆனா ஒரு நாள் நிறைய ஒரு நாள் ஒண்ணுமில்லன்னு ஏத்தஇறக்கம் வந்துடுச்சு. கீழக்கரைப் பக்கம் ஒரு வல்லத்துக்கார அண்ணன் என்கிட்ட சொன்னார், "மீனு வருது தம்பி, நான் தேடிப்போற மீனு வரல." அவர் சொன்னது கலவா, விளமீன். அதுக்காக இன்னும் தூரம் ஓடுறார், டீசலும் நேரமும் கூடுது, இது எந்த கிலோ கணக்குலயும் வராது. அன்னைக்கு என் நோட்டுல எடைக்கும் விலைக்கும் மட்டும்தான் கட்டம் இருந்துச்சு, அப்புறம்தான் எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம், என்ன மீன்னு மூணு கட்டம் சேத்தேன். பொருளாதார பாதிப்ப ஆராயப் போற பசங்க தயவுசெஞ்சு இத முதல் நாள்லயே சேத்துடுங்க. கடல்பாசி எடுக்கப் போற அக்காமாரையும் கேளுங்க, மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறவங்க தண்ணிக்குள்ளயே நாள் பூரா இருக்காங்க, எந்தத் திட்டு எப்ப வெளுத்துச்சுன்னு நமக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரியும்.

கடல் சூட்ட நாம இங்கருந்து ஒரே சீசன்ல தணிக்க முடியாதுதான், ஆனா பட்டினி கிடக்கிற மாசத்துல மேல பாரம் ஏத்தாம இருக்கலாம். பவளப்பாறை மேல நங்கூரம் போடாதீங்க, கிழிஞ்ச வலைய கடல்ல விடாதீங்க, பாசி தின்ற கிளிமீன அந்த சமயத்துல விட்டுடுங்க, பாறைய மேஞ்சு சுத்தமா வைக்கிறது அதுதான், சுத்தமான பாறையிலதான் புதுக் குஞ்சுப் பவளம் ஒட்டும். டூர் கூட்டிட்டுப் போறவங்க காலு வைக்க விடாதீங்க.

நான் தொடர்ந்து பாக்கிற உருண்டைப் பவளம் ஒண்ணு இருக்கு, ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு. மே மாசம் முழுசா வெள்ளை. செப்டம்பர்ல போனப்ப வெயில் படாத அடிப்பக்கத்துல உள்ளங்கை அகலத்துக்கு பழுப்பு நிறம் திரும்பியிருந்துச்சு, ஸ்லேட்டுல அத வரைஞ்சுட்டு வந்தேன், அடுத்த மாசம் மறுபடி போகணும்.