மூச்சுநோக்கல்: துணைமூச்சில் இருப்பவரின் நெஞ்சைப் பார்த்தறிதல்

யாழ்ப்பாணத்தில் உறவினர் ஒருவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்ற செய்தி வந்தால், வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் “மெசினிலையோ இருக்கிறார்?” என்பதாகவும், அதற்கு அடுத்தது “மூச்சுத் தானாய் எடுக்கிறாரோ?” என்பதாகவும் இருக்கும். மருத்துவம் படியாதவர் கேட்கும் இந்த இரண்டு கேள்விகளுக்கு இடையே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. பொறியே ஒருவருக்காக முழு மூச்சையும் விடுவது வேறு. அவர் தாமாக எடுக்க முயலும் மூச்சுக்குப் பொறி கைகொடுப்பது வேறு. இந்த இரண்டாவது நிலையில் இருப்பவரின் மூச்சைத் தாதியும் மருத்துவரும் கண்ணால் பார்த்து அறியும் செயலைச் ‘சுவாசக் கண்காணிப்பு’ என்ற பொதுப்பெயரால் எழுதி வருகிறோம். அந்தப் பெயர் செயலுக்குப் போதாது என்பதும், ‘மூச்சுநோக்கல்’ என்பது அதற்குப் பொருந்தும் என்பதும் என் கருத்து.

முதலில் ‘துணைமூச்சு’ என்பதை விளக்க வேண்டும். ஆங்கில மருத்துவத்தில் இந்நிலையைக் குறிக்கும் தொடரில் உள்ள ‘அசிஸ்ற்’ என்ற சொல், இலத்தீனில் ‘அருகே நிற்றல்’ என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்தது. உதவுதல் என்ற பொருள் அதிலிருந்து வளர்ந்தது. வைத்தியசாலையில் நோயாளியின் கட்டிலருகே இரவு முழுவதும் இருப்பவரைத் ‘துணைக்கு நிற்கிறார்’ என்றுதான் நாமும் சொல்கிறோம். இரு மொழிகளும் நிற்பதையே உதவியாகக் கண்டிருக்கின்றன. நோயாளி சிறிதளவு மூச்சை உள்ளிழுக்க முயலும்போது குழாயில் அமுக்கமோ காற்றோட்டமோ மாறுகிறது. பொறி அந்த மாற்றத்தை உணர்ந்து மீதி மூச்சைத் தள்ளிக் கொடுக்கிறது. இதுவே துணைமூச்சு. நோயாளியின் முயற்சி எதுவும் இன்றிப் பொறி தன் கணக்கில் தருவதைப் ‘பொறிமூச்சு’ எனலாம். ‘செயற்கைச் சுவாசம்’ என்ற வழக்கு இரண்டையும் ஒன்றாக மூடிவிடுவதால், வீட்டாரின் இரண்டாவது கேள்விக்கு அதில் விடை கிடைப்பதில்லை.

இந்தப் பொறியின் ஆங்கிலப் பெயரான ‘வென்ரிலேற்றர்’ என்ற சொல்லின் கதை சிறியது. காற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல் அதன் வேர். 1740களில் இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் கப்பல்களிலும் சிறைகளிலும் தேங்கிய காற்றை மாற்றுவதற்கு அமைத்த பெருந்துருத்திகளுக்கு இந்தப் பெயர் இருந்தது. அறைக்குக் காற்றூட்டிய பொறியின் பெயர் பின்னர் மனிதருக்குக் காற்றூட்டும் பொறிக்கு வந்து சேர்ந்தது.

‘மொனிற்றர்’ என்பது அப்படி எளிதாகக் கடந்துபோகக் கூடியதன்று. அதன் இலத்தீன் வேருக்கு எச்சரித்தல், நினைவூட்டுதல் என்று பொருள். நோயாளியின் அளவீடுகளைக் காட்டி, அவை எல்லை தாண்டியதும் ஒலியெழுப்பும் திரைக்கு அது மிகப் பொருத்தமான பெயர். நாம் அதற்கு இணையாக எடுத்துக்கொண்ட ‘கண்காணிப்பு’ வேறு திசையிலிருந்து வருகிறது. கண்ணால் கண்டு மேற்பார்வை செய்பவரே கண்காணி. அந்தச் சொல்லே ‘கங்காணி’ ஆகி, மலையகத் தோட்டங்களில் தொழிலாளரை வேலை வாங்கியவரின் பதவிப் பெயராகி, இலங்கை ஆங்கிலத்துக்குள்ளும் போயிற்று. இந்த நாட்டில் அந்தச் சொல்லை அந்த வரலாற்றிலிருந்து முழுவதும் பிரித்துவிட முடியாது. கண்காணிப்பவர் ஒருவருக்கு மேலே நிற்பவர். நாம் பெயர் தேடுவதோ அருகே நிற்பவரின் செயலுக்கு. ஆகவே பொறியும் திரையும் செய்வதைக் கண்காணிப்பு என்றே விட்டுவிடலாம். மனிதக் கண் செய்வதற்குத் தனிச்சொல் வேண்டும்.

‘பார்வை’ என்று வைக்கலாமா? நம் வைத்தியசாலைகளில் ‘நோயாளரைப் பார்வையிடும் நேரம்’ என்று எழுதியிருப்பதால், ‘மூச்சுப் பார்வை’ என்பது குழப்பம் தரும். ‘அவதானிப்பு’ ஈழத்துப் பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் ஊறிய நல்ல சொல். ‘அவதானம்’ என்றால் நம்மிடையே எச்சரிக்கை என்ற பொருளும் இருப்பதால், மொனிற்றரின் இலத்தீன் வேருக்கும் அது அண்மையில் நிற்கிறது. அதை நான் தள்ளவில்லை. ஆயினும் பதிவேட்டில் வேகமாக எழுதவும், வினையாக்கவும், பிற சொற்களோடு சேர்க்கவும் ‘நோக்கு’ வசதியானது; பொருளிலும் கூர்மையானது. கண் தானாகவே எதிர்ப்படுவதைக் காண்கிறது. கண்ணைத் திருப்பினால் பார்க்கிறோம். ஒன்றை அறிய வேண்டும் என்ற எண்ணத்தோடு கண்ணை நிறுத்தும்போதே நோக்குகிறோம். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் ஒன்றுக்கு ‘நோக்கு’ என்று பெயர். கேட்டவரை மீண்டும் மீண்டும் கருத்தூன்றச் செய்யும் அமைப்பை அது குறிக்கிறது. ஒரு தடவை பார்த்து நகராமல் திரும்பத் திரும்ப ஊன்றுவதுதான் கட்டிலருகே வேண்டியதும்.

நோக்குபவர் எதை நோக்குகிறார் என்பதைச் சொல்லாமல் சொல்லை மட்டும் விளக்கிப் பயனில்லை. முதலில் நெஞ்சு எழுகிறதா என்பது. அடுத்து, இரு பக்கமும் ஒன்றுபோல எழுகிறதா என்பது. மூச்சுக்குழாய்க்குள் செலுத்திய ரியூப் அளவுக்கு மிஞ்சி உள்ளே இறங்கினால், அது பெரும்பாலும் வலது கிளைக்குள் போய்விடும். வலது கிளை இடதிலும் அகலமாகவும் நேராகவும் இருப்பதே காரணம். அப்போது வலது நெஞ்சு எழும், இடது நெஞ்சு தயங்கும். ஒரு பக்க நுரையீரலைச் சுற்றிக் காற்றுச் சேர்ந்திருந்தாலும் அந்தப் பக்கம் தயங்கும். வயிறு எழும்போது நெஞ்சு உட்குழிந்தால், மூச்சுவழி அடைபட்டிருக்கலாம், அல்லது மூச்சுத்தசைகள் களைத்திருக்கலாம். கழுத்துத் தசைகள் புடைப்பதும், மூக்கின் ஓரங்கள் விரிவதும், விலாவெலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குவதும் நோயாளி மூச்சுக்காகப் பாடுபடுவதன் அடையாளங்கள்.

துணைமூச்சுக்கே உரிய ஓர் அடையாளம் இவற்றிலும் நுட்பமானது. நோயாளியின் நெஞ்சு சிறிது அசைகிறது, பொறியோ அதை உணராமல் இருந்துவிடுகிறது. அல்லது நோயாளி மூச்சை வெளிவிடத் தொடங்கிய பிறகும் பொறி உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது. தாதியர் இதை ‘மெசினோடை ஒத்துப்போகேல்லை’ என்று சொல்வார்கள். எனக்கு அந்தத் தொடர் எந்தக் கலைச்சொல்லிலும் சிறந்ததாகவே படுகிறது. திரையில் ஒரு நிமிடத்துக்கு 16 என்று பொறி கொடுத்த மூச்சுகளின் எண் நிற்கும்போது, நெஞ்சை எண்ணினால் 24 முயற்சிகள் இருக்கக்கூடும். மீதி எட்டும் துணை கிடைக்காமல் வீணானவை. அவற்றை எண்ணிப் பிடிப்பது கட்டிலருகே நிற்பவரின் கண்தான்.

எண்ணுவது நமக்குப் புதியதன்று. வளர்ந்தவர் ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறார் என்று இன்றைய மருத்துவம் கொள்கிறது. சித்தர் மரபு ஒரு நாளுக்கு 21,600 மூச்சு என்று கணக்கிட்டது. நாழிகை 24 நிமிடம் என்பதால், அது நாழிகைக்கு 360, நிமிடத்துக்கு 15 ஆகிறது. உள்ளிழுத்தலைப் பூரகம் என்றும், நிறுத்தலைக் கும்பகம் என்றும், வெளிவிடுதலை இரேசகம் என்றும் அந்த மரபு பிரித்திருப்பதும் பொறியின் ஒரு சுற்றை விளக்குவதற்கு அப்படியே உதவும்.

நெஞ்சோடு கருவியின் அசைவையும் நோக்க வேண்டும்; இங்கே கண் ஏமாறும் இடங்கள் உண்டு. கையால் அமுக்கிக் காற்றூட்டும் பையை நாம் ‘அம்பு பாக்’ என்கிறோம். அது 1956இல் டென்மார்க்கில் ஹொல்கர் ஹெஸ்ஸ, ஹென்னிங் ரூபன் ஆகியோரின் முயற்சியால் வந்தது; அம்பு என்பது நிறுவனத்தின் பெயர். அந்தப் பை அமுக்கிவிட்டதும் தானாகவே விரிந்துகொள்ளும் இயல்புடையது என்பதால், முகமூடி சரியாகப் பொருந்தாமல் காற்று முழுவதும் வெளியே போனாலும் பை வழக்கம்போலவே விரியும். பையைப் பார்த்து நிம்மதி கொள்ளக்கூடாது, நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்று கற்பிப்பது இதனால்தான். மயக்க மருந்து கொடுக்கும் பொறியின் பை அப்படியன்று. வாயு வரத்தால் மட்டுமே நிறைவதால் கசிவு இருந்தால் அது தளர்ந்து தொங்கும், நோயாளி தாமாக மூச்செடுத்தால் அந்த மூச்சோடு சுருங்கி விரியும். அந்தப் பொறியில் காற்றைத் தள்ளும் துருத்தியிலும் இதே வேறுபாடு இருக்கிறது. மேலிருந்து தொங்கும் வகைத் துருத்தி, குழாய் கழன்றுவிட்டாலும் தன் பாரத்தால் கீழே விழுந்து விழுந்து அசைந்துகொண்டேயிருக்கும். கீழிருந்து மேலெழும் வகை, குழாய் கழன்றால் எழமாட்டாமல் படுத்துவிடும். பிழை நேர்ந்ததைக் கண்ணுக்குக் காட்டும் என்பதால் இரண்டாவது வகையே விரும்பப்படுகிறது.

கண்ணுக்கும் எல்லை உண்டு. 1928இல் பொஸ்ரனில் ட்ரிங்கரும் ஷோவும் அமைத்த ‘இரும்பு நுரையீரல்’ என்ற காற்றூட்டும் பொறி, தலை மட்டும் வெளியே தெரிய உடல் முழுவதையும் பெட்டிக்குள் வைத்தது. நோக்க வேண்டிய நெஞ்சே மறைந்துபோயிற்று. 1952இல் கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மயக்கவியலாளர் பியோன் இப்சனின் யோசனைப்படி, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்த நோயாளிகளுக்கு மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகக் கையால் பையை அமுக்கிக் காற்றூட்டினர். நெஞ்சும் முகமும் மீண்டும் கண்ணெதிரே வந்தன. ஆனால் அதே நிகழ்வு இன்னொன்றையும் காட்டிற்று. ஒட்சிசன் கொடுக்கப்பட்டவரின் உதடு நீலமாகாமலே காபனீரொட்சைட்டு உடலில் தேங்கக்கூடும். இப்சன் கண்டுகொண்டது இதைத்தான்.

அந்தத் தேக்கத்தைக் கண்ணுக்குக் காட்டும் கருவிக்குக் ‘கப்னோகிராப்’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘கப்னோஸ்’ என்றால் புகை. உடலின் எரிதலில் வெளிவரும் வாயுவைப் புகையாகக் கண்ட பெயர் அது. மூச்சுக்கு மூச்சு அது வரையும் கோட்டில், வெளிமூச்சின் முடிவில் காபனீரொட்சைட்டின் அமுக்கம் 35 முதல் 45 மில்லிமீற்றர் இரசம் வரை இருப்பது இயல்பு. ரியூப் தவறி உணவுக்குழாய்க்குள் போயிருந்தால் கோடு தட்டையாகிவிடும். நெஞ்சு எழுவதுபோலத் தோன்றி ஏமாற்றக்கூடிய அந்த வேளையில் இந்தக் கோட்டையே நம்ப வேண்டும். இதனை ‘வெளிமூச்சு வரைவி’ எனலாம். அது மூச்சுநோக்கலுக்குத் துணை, மாற்று அன்று.

‘சுவாசநோக்கல்’ என்னாமல் ‘மூச்சு’ என்றதற்கும் காரணம் சொல்ல வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழில் சொல் உள்ளதா என்று தேடி, இல்லாதபோது வடமொழியையும் ஆங்கில ஒலிபெயர்ப்பையும் நாடினார். 1875இல் வெளிவந்த வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டதும் அந்த வழியில்தான். அந்த வரிசையைப் பின்பற்றினால், ‘மூச்சு’ கையில் இருக்கும்போது ‘சுவாசம்’ வரை போக வேண்டியதில்லை. கட்டிலருகே நிற்கும் உறவினருக்கும் விளக்கமின்றிப் புரிவது அதுவே.

பயன்பாட்டில் இவ்வாறு எழுதலாம்: ‘துணைமூச்சில் உள்ளார். மூச்சுநோக்கலில் நெஞ்சு இருபுறமும் சமமாக எழுகிறது. முயற்சி நிமிடத்துக்கு 18, பொறி கொடுத்தது 18.’ வீட்டாரிடம் சொல்லும்போது, “தானாய் எடுக்கிறார், மெசின் துணைக்கு நிற்குது” என்றாலே போதும்.