வலிக்கிறதா என்று கேட்டால் ‘இல்லை’ என்பார், நம்பாதீர்கள்

“ராத்திரியெல்லாம் கத்துறார், குளிப்பாட்டப் போனா பணிப்பெண்ணை அடிக்கிறார். தூக்க மருந்தைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லலாமா?” வீடு வீடாகப் போய் இயன்முறை சிகிச்சை கொடுக்கும் எனக்கு இது பழகிப்போன கேள்விதான். ஆனால் சென்ற வாரம் சிங்கப்பூரின் ஈசூனில், முதுமைமறதி (டிமென்ஷியா) உள்ள ஒரு பெரியவரின் காற்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டியபோது கோபமே வந்துவிட்டது. வலது முட்டி வீங்கி, கை வைத்தால் சுட்டது. அவர் வலி என்று சொல்லவில்லை, அதனால் யாரும் பார்க்கவில்லை. (சூடும் வீக்கமும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கிருமித் தொற்றாகவும் இருக்கலாம்.)

முதுமைமறதி வந்தவருக்கு வலி தெரியாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. நன்றாகவே தெரியும். அதைச் சொல்லும் வழிதான் அடைபட்டுப் போகிறது. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் ‘இல்லை’ என்பார், அந்த நிமிடத்துக்கு அது உண்மை. கொஞ்சம் முன்னால் கழிப்பறையில் எழுந்தபோது உயிர் போனது அவர் நினைவில் இல்லை. அவரிடம் போய், “நேற்று இரவு வலி பத்துக்கு எத்தனை?” என்று கேட்டு என்ன பயன்? மருத்துவத் துறையில் இருக்கும் எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இடுப்பெலும்பு முறிந்த நோயாளிகளைப் பற்றி அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வந்த ஆய்வில், முற்றிய மறதி உள்ளவர்களுக்குக் கிடைத்த ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலிமருந்து மற்றவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான். முறிந்தது என்னவோ அதே எலும்புதான்.

அடிப்பதும் கத்துவதும் பல நேரம் வலியின் பேச்சு. நார்வேயில் 18 தாதிமை இல்லங்களில் மறதி உள்ள 352 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு 8 வாரம் படிப்படியாக வலிக்கு மருந்து கொடுத்தார்கள், பெரும்பாலும் வெறும் பாராசிட்டமால். அவர்களிடம் அமைதியின்மை தெளிவாகக் குறைந்தது. முடிவு 2011இல் வெளிவந்தது. இன்னமும் நாம் முதலில் தேடுவது தூக்க மாத்திரையை.

சரி, எதைப் பார்ப்பது? மூச்சு, முனகல், முகம், உடம்பு, தேற்றினால் தேறுகிறாரா என்று இந்த ஐந்தையும் பார்த்துத் தலா 2 வரை மதிப்பெண் போடும் ‘பெய்னாட்’ அளவுகோல் தாதியருக்குத் தெரியும். நீங்கள் மதிப்பெண் போட வேண்டாம். அவர் எழும்போது, காற்சட்டை மாட்டும்போது, படுக்கையில் திரும்பும்போது முகத்தைப் பாருங்கள். கைப்பேசியில் அரை நிமிடம் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் பத்து நிமிடம் பேசிப் புரியவைப்பதை அது காட்டிவிடும்.

வலி மாத்திரையை ‘வலித்தால் கொடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால், அவர் கேட்கவே மாட்டார் என்று சொல்லி, வேளைக்கு ஒன்றாகத் தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சளிக் காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும், இரட்டிப்பாகிவிடாமல் பாருங்கள். அலமாரியில் கிடக்கும் அனாரெக்ஸ் வலி மாத்திரையை எடுத்து நீட்டாதீர்கள், தயவுசெய்து. அதில் பாராசிட்டமாலோடு ஆர்ஃபெனட்ரின் என்ற தசை தளர்த்தும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. முதியவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டும், சிறுநீரையும் அடைக்கும். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆகாது, கேட்காமல் வேண்டாம். தைலம் தேய்க்கலாம், ஆனால் சூடாக வீங்கிய மூட்டில் வேண்டாம்.

இன்னொன்று. ஆயுளெல்லாம் ஆங்கிலமும் மலாயும் பேசியவர்கள்கூட மறதி முற்றும்போது தமிழுக்கே திரும்பிவிடுவதுண்டு. தாதி ஆங்கிலத்தில் கேட்டால், நீங்கள் மூட்டைத் தொட்டுக்காட்டி, “அப்பா, இங்க குடையுதா?” என்று கேளுங்கள். தலையாட்டலை மட்டும் நம்பாமல் முகம் சுளிக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது பணிப்பெண்ணை வெளியே காத்திருக்கச் சொல்லாதீர்கள். தினமும் அவரைத் தூக்கி நிறுத்துவது அந்தப் பெண்தான். எந்தக் கால், எந்த நேரம் என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.