பழைய சத்திரத்தைப் பூசி மெழுகாதீர்கள்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் வழியில், ஒரத்தநாட்டில் இருக்கிறது முத்தாம்பாள் சத்திரம். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. ராமேஸ்வரம் யாத்திரைக்காரர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போன இடம். 1801-இல் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம், இந்த வழிச் சத்திரங்களில் சோற்றோடு பள்ளிக்கூடமும் வைத்தியமும் நடந்ததைச் சொல்கிறது. ஆகவே ஒரு சத்திரத்தை நூலகமாகவோ பயிற்சிக்கூடமாகவோ மாற்றுவது அதன் இயல்புக்கு விரோதமில்லை. கெடுப்பது, அந்த மாற்றத்தின் பேரில் உள்ளே வரும் சிமெண்ட் மூட்டைதான்.

இந்தச் சுவர்களுக்கு அடியில் ஓதத் தடுப்பு, அதாவது மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு, கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் இடுப்பளவுக்கு ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் பூக்கும். தட்டினால் ‘டொப்’பென்று வெற்றுச் சத்தம் வரும். பெயர்த்துப் பார்த்தால் பூச்சு கல்லாக இருக்கும், செங்கல் மாவாகக் கொட்டும். காரைப்பூச்சு வெயில் மழைக்குக் கரைய வேண்டியதுதான். அது கரைவதால்தான் செங்கல் பிழைக்கிறது. தரையில் விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான்: கீழே அடைபட்ட ஈரமெல்லாம் சுவருக்குள் போகும்.

பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரமாவது தண்ணீரில் ஊறப் போடுங்கள். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. மணலில் கொஞ்சம் செங்கல் தூள் கலக்கலாம். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றினால் வெடிக்கும். ஈரச் சாக்கு கட்டி ஒரு வாரமாவது காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். தை பிறந்ததும் தொடங்கினால் அடைமழைக்குள் இறுகிவிடும்.

மழைக்கறை படிந்த இடத்தில் ஆசிட் ஊற்றுவதும் கிரைண்டர் வைத்துத் தேய்ப்பதும் பாவம். தேங்காய்நார், தண்ணீர், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். கறை உறுதியைக் கெடுப்பதில்லை. எமல்ஷன் பெயிண்டுக்குப் பதில் பால் பதத்தில் சுண்ணாம்பை மூன்று தடவை அடித்தால் போதும்.

தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிக் கட்டிய தட்டைக் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பேர். அதில் முதலில் பார்க்க வேண்டியது தேக்கு உத்திரத்தின் சுவருக்குள் போகும் முனை. குத்தூசி சுலபமாக இறங்கினால் முனை உளுத்துவிட்டது. அந்தத் துண்டை மட்டும் பழைய தேக்கால் ஒட்டுப் போட்டு, முனையைச் சுற்றிக் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். மேல் தளத்துக்கு 32 கன அடி செங்கல் ஜல்லிக்கு 12.5 கன அடி சுண்ணாம்பு, மணல் இல்லாமல், கட்டையால் அடித்து இறுக்கணும். நம் கொத்தனார்கள் இதை ‘வெதரிங் கோர்ஸ்’ என்பார்கள். பொருத்தமான பேர்தான், வெயிலையும் மழையையும் வாங்கிக்கொள்ளும் அடுக்கு அது. ஆலோ அரசோ முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வேரோடு செங்கல் வரிசையே வரும். வேரை விட்டுத் தண்டை மட்டும் அடியில் அறுத்து, வேர் பட்டுப்போன பிறகு எடுங்கள்.

கழிப்பறையும் சமையலறையும் பழைய சுவரைத் தொடாமல் தனியே நிற்கட்டும். ஒயர் குழாய்க்குச் சுவரை வெட்டாமல் மேலோடு ஓட்டுங்கள்.

வழிச் சத்திரங்களுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, திண்ணை தாழ்கிறது. மழைத் தண்ணீர் நேரே உள்ளே வரும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வாய்க்கால் வெட்டி, நூறடிக்கு ஓரடி வாட்டம் கொடுங்கள். பூச்சு வேலை அதற்குப் பிறகுதான்.