எண்ணும் எழுத்தும்: மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘அரும்பு’ என்றால் பெற்றோர் செய்ய வேண்டியது

மூன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை, அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் படியான ‘அரும்பு’ நிலையில் இருப்பதாக ஆசிரியர் சொன்னால் பெற்றோருக்கு மனம் சுருங்கிப்போகிறது. ‘ஃபெயில்’ என்பதுபோல் அது காதில் விழுகிறது. அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். பாடத்தை எங்கிருந்து தொடங்கினால் பிள்ளைக்குப் புரியும் என்பதை ஆசிரியருக்குக் காட்டும் குறிப்புதான் அது.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் எழுத்தும் எண்ணும் பிடிபடாமலே பல பிள்ளைகள் மேல்வகுப்புக்கு வந்தார்கள். அந்த இடைவெளியை நிரப்பத் தமிழக அரசு 2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் 2025க்குள் வழி செய்வதே அப்போது வைத்த இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த திட்டம், 2023-24இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பாடங்கள் தமிழ், ஆங்கிலம், கணக்கு.

வகுப்பில் நடப்பது இதுதான். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். பாட்டும் கதையும் எல்லோருக்கும் பொது; பயிற்சி மட்டும் நிலைக்குத் தக்கபடி. மலர் நிலைப் பிள்ளை பத்தியைப் படித்துக் கேள்விக்கு விடை எழுதும் நேரத்தில், அரும்பு நிலைப் பிள்ளை எழுத்து அட்டைகளைச் சேர்த்துச் சொல் அமைக்கும். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை, புரியாத பத்தியின் முன்னால் நாள் முழுக்க வாய்மூடி உட்கார வேண்டியதில்லை. இத்திட்டத்தில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். பாடம் நடக்கும்போதே அவ்வப்போது செய்யும் வளரறி மதிப்பீடுகளில் முன்னேற்றம் தெரிந்தால் பிள்ளை அடுத்த நிலைக்குப் போகும், போக வேண்டும். ஆண்டு முழுக்க அரும்பிலேயே நின்றுவிட்டால் கேள்வி கேட்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

அப்படிக் கேட்பதற்குச் சட்டமே இடம் தருகிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 24ஆம் பிரிவுப்படி, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்துத் தேவையானால் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை. பெற்றோரை அவ்வப்போது கூட்டி வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவிப்பதும் அதே பிரிவில் வருகிறது. அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. “நீ அரும்புதானே” என்று பிள்ளையை வகுப்பில் கேலி செய்தால் அதையும் தட்டிக்கேட்கலாம்.

ஆசிரியரைப் பார்க்கும்போது “எத்தனை மார்க்?” என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த எழுத்தில் தடுமாறுகிறான், கடன் வாங்கிக் கழிக்க வருகிறதா, அடுத்த நிலைக்கு இன்னும் என்ன வர வேண்டும் என்று கேளுங்கள். பயிற்சி நூலைப் புரட்டிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஈராசிரியர் பள்ளிகளில் ஒருவரே பல வகுப்புகளையும் மூன்று நிலைகளையும் ஒரே நேரத்தில் கவனிக்கிறார். அது கடினமான வேலை. ஆகவே பணியிடம் காலியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அக்குழுவில் முக்கால் பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், அதற்கும் பிறகு வட்டாரக் கல்வி அலுவலர் என்று போகலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது. எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கும்போது நகல் ஒன்றில் தேதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.