கோடை இன்டர்ன்ஷிப் ரத்தா? கையெழுத்து மட்டும் கேட்டு வராதீர்கள்

ஏப்ரல் கடைசி ஆனால் காரைக்குடி, தேவகோட்டை வக்கீல் ஆபீஸ்களில் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோர் வந்து இதே பேச்சுதான். "சென்னை லா ஃபர்மில் கேன்சல் பண்ணிட்டாங்க அண்ணே, பிள்ளைக்கு ஒரு சர்டிஃபிகேட் போட்டுக் குடுங்க." இந்த வருஷமும் வந்துவிட்டார்கள். வராத பிள்ளைக்கு எந்த வக்கீலும் கையெழுத்துப் போடக் கூடாது. இன்டர்ன்ஷிப் டைரியில் நடக்காத குறுக்கு விசாரணையை எழுதினால், இணையத்தில் இருக்கும் வழக்கு விவரமே காட்டிக்கொடுத்துவிடும்.

பெரிய ஃபர்ம் போனால்தான் இன்டர்ன்ஷிப் என்று யார் சொன்னது? வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிப்படி ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரம், மூன்றாண்டுக்கு 12 வாரம். ஒரு வருஷத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. ஆக, "எட்டு வாரம் போச்சே" என்ற அழுகையில் பாதி வீண். விசாரணை நீதிமன்ற வக்கீலிடமும் மேல்முறையீடு நடத்தும் வக்கீலிடமும் ஒரு தடவையாவது இருந்தாக வேண்டும். ஏசி அறையில் ஒப்பந்தம் திருத்துவது அந்தக் கணக்கில் வராது.

ரத்து மெயிலுக்கு அன்றே மரியாதையாகப் பதில் போட்டு டிசம்பரில் இடம் கேளுங்கள். அதே மெயிலைக் கல்லூரிப் பொறுப்பாசிரியருக்கும் அனுப்புங்கள். அதோடு விடுங்கள்.

மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை, மாஜிஸ்திரேட் கோர்ட் நடக்கும். கிரிமினல் வக்கீலைப் பிடியுங்கள். ரிமாண்டு, ஜாமீன் எல்லாம் கண்ணால் பார்க்கலாம். காலை பத்து மணிக்குப் போய் நிற்காதீர்கள், சீனியர் கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரம். குமாஸ்தாவிடம் கேட்டுச் சாயங்காலம் போங்கள். கவுனும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் மாட்டக் கூடாது, நீங்கள் இன்னும் வக்கீல் இல்லை.

ஜூனில் பாகப்பிரிவினை வழக்குக் கட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பல பங்காளிகளுக்குப் பொதுவான நம் ஊர்ப் பக்கத்து வளவு வீட்டு வழக்கை மிஞ்சிய பாடம் கிடையாது. முதலில் வம்சாவளி வரையுங்கள், பிறகு ஒவ்வொருவர் பங்கையும் பின்னமாகப் போடுங்கள். பெண்மக்கள் பங்கில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தரும் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9-ல், மகளுக்குப் பங்கு கிடைக்கத் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரமோ தீர்ப்போ மூலம் பிரிந்த சொத்து வேறு கணக்கு. பங்காளி ஒருவர் குடும்ப வீட்டில் தன் பங்கை வெளியாளுக்கு விற்று, அந்த வெளியாள் பிரித்துக் கேட்டு வழக்குப் போட்டால், 1893 பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படியுங்கள். குடும்பத்தார் அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள வழி அங்கே இருக்கிறது.

வழக்குக் கட்டைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தால் அன்றோடு வெளியே அனுப்பிவிடுவார்கள். டைரியில் வழக்கு எண் போதும், கட்சிக்காரர் பெயர் வேண்டாம். பணம் கட்டச் சொல்லும் ஆன்லைன் 'இன்டர்ன்ஷிப்' பக்கமே போகாதீர்கள்.

பெற்றோரே, தயவுசெய்து பிள்ளையைத் தனியாக அனுப்புங்கள். தொடங்கிய தேதி, முடித்த தேதி, செய்த வேலை, வக்கீலின் பதிவு எண் நான்கும் இருக்கிறதா என்று பார்த்து, கடைசி நாளன்றே சான்றிதழைப் பிள்ளையே வாங்கிக்கொள்ளட்டும்.