ஃபெலனி: கொடுங்குற்றமா, பெருங்குற்றமா?

அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் 'ஃபெலனி தண்டனை பெற்றவர்களுக்கு ஓட்டு உண்டா' என்ற பேச்சு தவறாமல் கிளம்பும். அமெரிக்கச் சட்டம் கனமான குற்றங்களுக்குத் தரும் பெயர்தான் ஃபெலனி (felony). தமிழில் இதைக் 'கொடுங்குற்றம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஃபுளோரிடாவை எடுத்துக்கொள்வோம். அங்கே 750 டாலர் மதிப்புள்ள பொருளைத் திருடினால் ஃபெலனி. 2019 அக்டோபருக்கு முன்பு 300 டாலரே போதும். கடையில் ஒரு கைப்பேசியைச் சுருட்டியவரும் கொலைகாரரும் ஒரே பெயரில் அடங்கிவிடுகிறார்கள். பொதுவாக, ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்க இடமுள்ள குற்றம் ஃபெலனி. அதற்குக் கீழே இருப்பது மிஸ்டிமீனர், அதாவது சிறுகுற்றம். பிரிவினை தண்டனையின் அளவைப் பொறுத்தது என்பதால் 'பெருங்குற்றம்'தான் பொருந்துகிறது.

சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. 'ஃபெலோன்' என்றால் கொடியவன், துரோகி. நிலமானிய காலத்தில், தன் தலைவனுக்குக் கொடுத்த வாக்கை மீறியவன் செய்தது ஃபெலனி. அவனுடைய நிலம் பறிபோகும். (அன்று வாக்குத் தவறியவனுக்கு நிலம் போனது, இன்று வாக்கே போகிறது!) இங்கிலாந்தில் பின்னர் கொலை, கொள்ளை போன்றவையும் இந்தப் பெயருக்குள் வந்தன. தண்டனை பெரும்பாலும் தூக்கு, கூடவே உடைமைப் பறிமுதல். 1870இல் பறிமுதலை ஒழித்தார்கள். 1967இல் ஃபெலனி என்ற வகையையே கைவிட்டார்கள். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இந்தப் பிரிவினையை எடுத்துக்கொள்ளவே இல்லை. நம் நீதிமன்றத் தமிழில் இதற்கு நிலைத்த சொல் இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சரி, வாக்குரிமைக்கு வருவோம். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மெயின், வெர்மான்ட் இரண்டிலும் சிறைக்குள் இருந்தே வாக்களிக்கலாம். அலபாமா 1901இல் எழுதிய அரசமைப்பு, 'ஒழுக்கக்கேடான' குற்றம் செய்தவர்களின் வாக்கைப் பறித்தது. கறுப்பின மக்களை ஒதுக்குவதே அதன் நோக்கம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1985இல் அந்த விதியைச் செல்லாது என்றது. ஆனால் குற்றத்துக்காக வாக்கைப் பறிப்பதே அரசமைப்புக்கு முரணானதல்ல என்று 1974இலேயே அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஃபுளோரிடாவில் 2018இல் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஆதரித்து, கொலை, பாலியல் குற்றங்கள் நீங்கலாக, தண்டனையை முடித்தவர்களுக்கு வாக்குரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே சட்டமன்றம் ஒரு முட்டுக்கட்டை போட்டது: அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் கட்டி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாகக் கணக்காம். யார் எவ்வளவு பாக்கி என்பதை ஒரே இடத்தில் பார்க்கவும் வழியில்லை.

வாக்கு தானாகப் போவதில்லை, சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இதை 'வாக்குரிமை இழப்பு' என்பதைவிட 'வாக்குரிமைப் பறிப்பு' என்பதே சரி. நம் ஊர் நிலை வேறு. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சிறையில் இருக்கும்வரை வாக்களிக்க முடியாது. தீர்ப்பே வராத விசாரணைக் கைதிக்கும் இதே கதிதான். தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டும் விலக்கு. வெளியே வந்துவிட்டால் வழக்கம்போல ஓட்டுப் போடலாம். எனவே இங்கே நடப்பதை 'வாக்குரிமை நிறுத்திவைப்பு' எனலாம்.

அப்புறம், 'ஃபெலன்' என்று ஆளைக் குறிக்கும் சொல். வெறுமனே 'குற்றவாளி' என்று எழுதினால் சிறையில் இருப்பவரா, வெளியே வந்தவரா என்று தெரியாது. வாக்குரிமைச் செய்தியில் அதுதான் முக்கியம். 'பெருங்குற்றத் தண்டனை முடித்தவர்' என்று எழுதினால் குழப்பம் இல்லை.