'முன்னேற்றம் உண்டு' என்று மட்டும் எழுதினால் போதுமா?

உசிலம்பட்டி, மேலூர் வட்டாரங்களில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பள்ளி பள்ளியாகச் செல்லும் சிறப்பாசிரியர், பல ஊர்களில் பல குழந்தைகளைப் பார்த்துவிட்டு அடுத்த முறை ஒரு குழந்தையிடம் திரும்பும்போது, தாம் எழுதிவைத்த குறிப்பை நம்பியே பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அதில் 'முன்னேற்றம் உண்டு' என்று மட்டும் இருந்தால் எங்கிருந்து தொடங்குவது என்பது விளங்காது. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றதும் ஒரே பேனாவால் நிரப்பப்படும் பதிவேடுகளைப் பற்றி இங்கே நான் பேசவில்லை.

கை கழுவப் பழக்குவதை எடுத்துக்கொள்வோம். குழாயைத் திறப்பது முதல் கையைத் துடைப்பது வரை செயலைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் குழந்தை தானாகச் செய்ததா, சொன்னதும் செய்ததா, சைகை காட்டியபின் செய்ததா, கையைப் பிடித்துச் செய்யவைக்க நேர்ந்ததா என்று குறிக்க வேண்டும். கற்பிக்கத் தொடங்குமுன், எந்த உதவியும் செய்யாமல் ஒருமுறை கவனித்து எழுதுவதே அடிப்படை நிலை. 'கை கழுவத் தெரியாது' என்று எழுதப்பட்டிருந்த ஒரு சிறுமி, குழாயைத் திருகுவது தவிர மற்ற எல்லாவற்றையும் தானே செய்தாள் என்பது இப்படிப் பிரித்துக் குறித்தபோதுதான் தெரிந்தது. தேவைப்பட்டது விரல்களுக்கான பயிற்சியும், எளிதில் திறக்கும் நீண்ட பிடியுள்ள குழாயுமே.

நடத்தைச் சிக்கல்களில் இக்குறிப்பு இன்னும் பயன்தரும். வகுப்பை விட்டு ஓடும் சிறுவனைப் பிடிவாதக்காரன் என்று சொல்லிவிடுவது எளிது. ஓடுவதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் மற்றவர்கள் என்ன செய்தார்கள், அப்போது மணி என்ன என்று தொடர்ந்து எழுதியதில், மதிய உணவுக்குத் தட்டுகளை அடுக்கும் ஓசை எழும்போதே அவன் ஓடுகிறான் என்பது புலப்பட்டது. தட்டுகளை வேறிடத்தில் அடுக்கச் சொல்லி, அவனை முதலில் சாப்பிட அனுப்பியதும் ஓட்டம் பெரிதும் குறைந்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிக்குமாறு கல்வி நிறுவனங்களுக்குக் கூறுகிறது. ஆனால், குறிப்பைப் பார்த்துக் கற்பிக்கும் முறையை மாற்றாவிட்டால் கண்காணிப்பு எழுத்து வேலையாகவே நின்றுவிடும். தொடர்ந்து சில வகுப்புகளில் ஒரே படியில் அதே உதவி தேவைப்பட்டால், அந்தப் படியை மேலும் சிறியதாகப் பிரிக்க வேண்டும், அல்லது கற்பிக்கும் கருவியை மாற்ற வேண்டும்.

இக்குறிப்புகள் குழந்தையின் அந்தரங்கம் சார்ந்தவை. பெயரோடும் படத்தோடும் அவற்றை வாட்ஸ்அப் குழுவில் போடுவது தவறு. பெற்றோரிடம் காட்டி விளக்குவது கடமை. கழிப்பறைப் பழக்கம் போன்றவற்றில் வீட்டில் நடப்பதைத் தாயே குறித்துத் தந்தால், பள்ளிக் குறிப்போடு அதை ஒப்பிட்டு, அந்தக் குழந்தைக்கென்றே வகுத்த தனிநபர் கல்வித் திட்டத்தைத் திருத்தலாம்.